லாக் புக்கைக் கொண்டு வாருங்கள்

அரசு அலுவலகத்தில் இரண்டு வகைப் புத்தகங்கள் உண்டு. ஒருநாள் யாராவது வந்து பார்ப்பார்கள் என்று தெரிந்தே எழுதப்படுபவை ஒரு வகை. ரொக்கப் பதிவேடு, அளவுப் புத்தகம், செலவுச் சீட்டுகள், பில் பதிவேடு எல்லாம் இதில் அடங்கும். அன்றைய வேலை ஓட வேண்டும் என்பதற்காக மட்டும், பின்னால் யார் பார்ப்பார்கள் என்ற நினைப்பே இல்லாமல் எழுதப்படுபவை இன்னொரு வகை. ஜீப் டிரைவரின் லாக் புக், வாட்ச்மேன் நோட்டு, ஸ்டோரில் கிடக்கும் கேட் பாஸ் கட்டு, தபால் பிரிவின் உள்வரவுப் பதிவேடு. முப்பது ஆண்டுகளுக்கு மேல் தணிக்கை வேலை பார்த்த எனக்கு, பொதுப்பணத்தில் நடந்த தவறு முதல் வகைப் புத்தகத்தில் அதிகம் அகப்பட்டதில்லை. அவற்றில் கூட்டல் சரியாக இருக்கும், கையெழுத்து இருக்கும், முத்திரை இருக்கும். இரண்டாவது வகையை அவற்றின் பக்கத்தில் வைத்துத் தேதிக்குத் தேதி ஒப்பிட்டபோதுதான் பிடி கிடைத்தது.

சென்னை தேனாம்பேட்டையில் அண்ணா சாலையை ஒட்டி இருக்கும் மாநிலக் கணக்காயர் அலுவலகத்தில் ஆடிட்டராகச் சேர்ந்து, எஸ்.ஏ.எஸ். என்ற துறைத் தேர்வு எழுதித் தேறி, மூத்த தணிக்கை அலுவலராக ஓய்வு பெற்றவள் நான். ஊரில் 'ஏ.ஜி. ஆபீஸ்' என்றால்தான் புரியும். என் சொந்தக்காரர்கள் பலர் இன்றுவரை நான் வருமான வரி வசூலித்தேன் என்றே நினைக்கிறார்கள். தெருவில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பிள்ளைகள் வந்து, "ஆன்ட்டி, அது உட்கார்ந்து டிக் அடிக்கிற வேலைதானே?" என்று கேட்கிறார்கள். அந்தப் பிள்ளைகளுக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன்.

ஒரு மாவட்டத்தின் சாலைக் கோட்ட அலுவலகம். ஊர்ப் பெயர் வேண்டாம். கிராமங்களை இணைக்கும் சில சாலைகளைப் பலப்படுத்தியிருந்தார்கள். ஜல்லியைப் பரப்பி, தண்ணீர் தெளித்து, ரோலர் ஓட்டி இறுக்கி, அதன் மேல் அடுத்த அடுக்கு. எம்-புக் என்று எல்லோரும் சொல்லும் அளவுப் புத்தகத்தில் நீளம், அகலம், இறுகிய பிறகான கனம் மூன்றும் எழுதியிருந்தது. இளநிலைப் பொறியாளர் அளந்திருந்தார், மேலதிகாரி சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டிருந்தார். ரோலர் அரசுடையது. அதை ஒப்பந்ததாரருக்கு வாடகைக்குக் கொடுத்து, வாடகையைப் பில்லில் பிடித்தம் செய்வார்கள். அந்தப் பிடித்தமும் பைசா சுத்தமாக இருந்தது. எங்கள் குழுவில் இருந்த இளைஞர் எம்-புக்கை மூடிவிட்டு, "இதில ஒண்ணும் இல்ல மேடம்" என்றார்.

நான் அலுவலகக் கண்காணிப்பாளரிடம் ரோலரின் லாக் புக்கைக் கேட்டேன்.

"அது எதுக்கு மேடம்? ஹையர் சார்ஜ் எல்லாம் பில்லிலேயே பிடிச்சாச்சே."

"பிடிச்சதைப் பார்த்துட்டேன் சார். ஓடினதைப் பார்க்கணும்."

அது கோடவுனில் இருக்கிறது என்றார்கள். மறுநாள், கோடவுன் சாவி வைத்திருப்பவர் லீவு என்றார்கள். அதற்கும் அடுத்த நாள், கறையான் தின்றிருக்கலாம் என்றார்கள். எழுத்தில் கேட்டேன். எழுத்தில் கேட்டால் எழுத்தில்தான் பதில் தரவேண்டும். 'கறையான் தின்றுவிட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட யாரும் முன்வரவில்லை. சாயங்காலம் லாக் புக் வந்தது.

ரோலர் டிரைவர் பென்சிலால் எழுதியிருந்தார். காலையில் எத்தனை மணிக்கு ஸ்டார்ட், எந்த ஊர், எத்தனை லிட்டர் டீசல். நடுவில் பல வாரங்களுக்கு ஒவ்வொரு நாளுக்கும் ஒரே வரி: 'ஒர்க் ஷாப்பில் நிற்கிறது, வண்டி ஓடவில்லை.' எம்-புக்கின்படி மூன்று சாலைகளில் ஜல்லி அடுக்கு இறுக்கப்பட்டதெல்லாம் அந்த வாரங்களில்தான். கோட்டத்தில் வேறு ரோலர் கிடையாது. தனியாரிடம் எடுத்ததாகவும் எந்தத் தாளும் இல்லை.

தணிக்கைக் குறிப்பு கொடுத்தோம். டிரைவர் தேதிகளைத் தவறாக எழுதிவிட்டார் என்று பதில் வந்தது. இப்படி ஒரு பதில் வரும் என்பதால்தான் நல்ல தணிக்கையாளர் ஒரு ஆதாரத்தோடு நிற்கமாட்டார். பணிமனைக்குப் போய் ஜாப் கார்டைப் பார்த்தோம், உதிரிபாகம் வாங்கிய பில்லைப் பார்த்தோம். ரோலர் உள்ளே வந்த தேதியும் வெளியே போன தேதியும் டிரைவரின் பென்சில் எழுத்தோடு ஒத்துப்போயின. அடுத்தது சாலை. அவர்களுடைய பொறியாளரையே கூட வைத்துக்கொண்டு கூட்டாய்வு நடத்தி, சில இடங்களில் குழி தோண்டிக் கனத்தை அளந்தோம். எம்-புக் சொன்ன கனம் எங்கேயும் இல்லை. அந்த அளவுத் தாளில் அவரும் கையெழுத்துப் போட்டார். அந்த ஒரு கையெழுத்துக்காகத்தான் வெயிலில் அத்தனை தூரம் நடந்தோம். பிறகு துறையிலிருந்து எந்தப் பதில் வந்தாலும், சாலையில் அளந்ததை மறுக்க முடியாது.

டிரைவர் ஒருநாள் மதியம் எங்கள் அறை வாசலில் வந்து நின்றார். "நான் எழுதினதுல ஏதும் தப்பாம்மா?" என்று கேட்டார். "தப்பே இல்ல அண்ணே, நீங்க எழுதினதுதான் சரியா இருக்கு" என்றேன். அவர் முகம் தெளியவில்லை. அவருக்கு நடந்ததைப் பிறகு சொல்கிறேன்.

இந்த வேலைக்கு அதிகாரம் எங்கிருந்து வருகிறது என்பதை முதலில் சொல்லவேண்டும். தலைமைக் கணக்குத் தணிக்கையாளர், செய்திகளில் சி.ஏ.ஜி. என்று வருபவர், அரசியல் சட்டத்தின் 148-வது பிரிவின்படி நியமிக்கப்படுகிறார். உச்ச நீதிமன்ற நீதிபதியை நீக்குவது எவ்வளவு கடினமோ, அவரை நீக்குவதும் அவ்வளவு கடினம். ஆறு ஆண்டு அல்லது 65 வயது, எது முந்துகிறதோ அதுவரை பதவி. ஓய்வுக்குப் பிறகு மத்திய அரசிலோ மாநில அரசிலோ எந்தப் பதவியும் ஏற்கக்கூடாது. அம்பேத்கர் அரசியல் நிர்ணய சபையில், இந்த அரசியல் சட்டத்தில் மிக முக்கியமான அதிகாரி இவராகத்தான் இருக்கக்கூடும் என்ற கருத்தை வெளியிட்டார். பதவி அரசியல் சட்டத்தைவிடப் பழையது. 1860-ல் ஆங்கிலேயர் ஆட்சியில் முதல் தலைமைத் தணிக்கையாளர் பொறுப்பேற்ற நவம்பர் 16-ஐத்தான் இப்போது தணிக்கை நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

ஆனால் கணக்குக் கேட்கும் வழக்கத்தை நம்மிடம் ஆங்கிலேயர் கொண்டுவரவில்லை. காஞ்சிபுரம் பக்கம் உத்திரமேரூரில், முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. குடவோலை முறையில் யாரெல்லாம் வாரியப் பொறுப்புக்கு வரலாம், யாரெல்லாம் வரக்கூடாது என்று விதிக்கும் கல்வெட்டு. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களின் பெயரைக் குடத்தில் இடக்கூடாது. அவர்களுடைய நெருங்கிய உறவினர் பெயரையும் இடக்கூடாது. ஆயிரத்து நூறு ஆண்டுக்கு முந்தைய விதி. திருடியவருக்கு என்ன தண்டனை என்பது ஒருபுறம் இருக்கட்டும், கணக்குக் காட்டாதிருப்பதே தகுதிக் குறைவு என்று அந்த ஊர்ச் சபை முடிவு செய்திருக்கிறது. பணியில் சேர்ந்த புதிதில் அங்கே போய் அந்தச் சுவரைப் பார்த்துவிட்டு வந்தேன். என் வேலையைப் பற்றி எனக்குப் பெருமை வந்த நாள் அதுதான்.

களத்துக்குப் போகும் எங்களுக்குக் கையில் இருக்கும் ஆயுதம், சி.ஏ.ஜி.யின் கடமைகளையும் அதிகாரங்களையும் வகுக்கும் 1971-ஆம் ஆண்டுச் சட்டம். அதன் 18-வது பிரிவு, எந்த அரசு அலுவலகத்துக்கும் போய் எந்தக் கணக்கையும் ஆவணத்தையும் கேட்டு வாங்கும் உரிமையைத் தருகிறது. தராதவருக்கு அந்தச் சட்டத்தில் தண்டனை எதுவும் இல்லை. இது பெரிய ஓட்டை. கோப்பு கோர்ட்டில் இருக்கிறது, கோப்பு விஜிலென்ஸில் இருக்கிறது, கோப்பு வைத்திருந்தவர் மாறிப்போய்விட்டார் என்று நாட்களைக் கடத்தலாம். தணிக்கைக் குழுவுக்கு ஒரு அலுவலகத்தில் ஒதுக்கிய நாட்கள் முடிந்துவிடும். கோப்பு தரப்படவில்லை என்று நாங்கள் அறிக்கையில் எழுதுவோம். அவ்வளவுதான்.

தணிக்கை நடக்கும் முறை இதுதான். முதலில் அரை மார்ஜின்: தாளின் ஒரு பாதியில் எங்கள் கேள்வி, மறு பாதி அவர்கள் பதிலுக்காகக் காலி. பதில் திருப்தி தராதவை ஆய்வறிக்கையில் பாராவாக ஏறும். அலுவலகத் தலைவர் நான்கு வாரத்தில் பதில் தரவேண்டும். அதிலும் தீராத பெரிய விஷயங்கள் வரைவுப் பாராவாகத் துறைச் செயலாளருக்குப் போகும். அவருக்கு ஆறு வாரம். கடைசியில் தேர்ந்தெடுத்த சில மட்டும் சி.ஏ.ஜி. அறிக்கையில் அச்சாகி, ஆளுநர் வழியாகச் சட்டமன்றத்துக்கு வரும். அங்கே பொதுக் கணக்குக் குழு செயலாளர்களைக் கூப்பிட்டு வைத்துக் கேட்கும். நாடாளுமன்றத்தில் 1967 முதல் அந்தக் குழுவுக்கு எதிர்க்கட்சிக்காரர் தலைவராக இருப்பது மரபு. அறிக்கையை எத்தனை நாளுக்குள் அவையில் வைக்கவேண்டும் என்று அரசியல் சட்டம் சொல்லவில்லை. டெல்லியில் ஆண்டுக்கணக்கில் தங்கிக் கிடந்த அறிக்கைகள், ஆட்சி மாறிய பிறகு 2025 பிப்ரவரியில்தான் அவைக்கு வரத் தொடங்கின. கெடு விதிக்கும் திருத்தம் ஒன்று வந்தே தீரவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. காலம் தாழ்ந்து வரும் அறிக்கையில் பெயர் இருப்பவர் ஓய்வு பெற்றிருப்பார். ஒப்பந்ததாரர் வேறு பெயரில் நிறுவனம் தொடங்கியிருப்பார்.

பத்திரிகையில் பெரிய எழுத்தில் வந்த வழக்குகளுக்கும் அடியில் இருந்தது இந்தப் பொறுமையான ஒப்பீடுதான். பிகாரின் மாட்டுத் தீவன ஊழலை எடுத்துக்கொள்ளுங்கள். கருவூலங்களிலிருந்து கால்நடைத் துறை எடுத்த பணம் சட்டமன்றம் ஒதுக்கியதைவிட மிக அதிகம் என்பதை மாதக் கணக்குகளே காட்டின. மாடுகளையும் தீவனத்தையும் லாரியில் ஏற்றி வந்ததாகப் பில்கள் இருந்தன. பில்லில் இருந்த வண்டி எண்களைப் போக்குவரத்துப் பதிவோடு ஒப்பிட்டபோது, அவற்றில் ஸ்கூட்டர்களின் எண்கள் வந்து நின்றன. 1996 ஜனவரியில் சாய்பாசாவில் துணை ஆணையராக இருந்த அமித் கரே கால்நடைத் துறை அலுவலகங்களைச் சோதனையிட்டார். பாட்னா உயர் நீதிமன்றம் விசாரணையை சி.பி.ஐ.யிடம் கொடுத்தது. சுருட்டப்பட்டது சுமார் 950 கோடி ரூபாய் என்று கணக்கு வந்தது. முன்னாள் முதல்வர்கள்வரை தண்டனை போனது. வண்டி எண்ணைச் சரிபார்க்கலாம் என்று முதலில் நினைத்த தணிக்கையாளர் யாரென்று யாருக்கும் தெரியாது. எங்கள் துறையில் பாராவுக்குப் பெயர் கிடையாது.

இதே மாதிரியான யோசனைதான் இன்றைக்குக் கணினியிலும் வேலை செய்கிறது. ஆயுஷ்மான் பாரத் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தின் தரவை ஆராய்ந்து 2023 ஆகஸ்டில் வெளியான அறிக்கை, 7,49,820 பயனாளிகள் 9999999999 என்ற ஒரே கைபேசி எண்ணோடு பதிவாகியிருந்ததைக் காட்டியது. கைபேசி எண்ணை வைத்துத் தகுதியை முடிவு செய்வதில்லை என்று அரசு விளக்கம் தந்தது. விளக்கம் இருக்கலாம், ஆனால் அந்தக் கட்டத்தில் அந்த எண்ணைத் தட்டியவர் நோயாளியைக் கேட்கவே இல்லை என்பது தெரிந்துவிட்டது. அதே மாதம் வந்த இன்னொரு அறிக்கையில் நம் பக்கத்துப் பரனூர் சுங்கச்சாவடி இடம்பெற்றது. 2019 ஆகஸ்டிலிருந்து 2020 ஜூன்வரை அதைக் கடந்த வண்டிகளில் பாதிக்கு மேற்பட்டவை கட்டண விலக்குப் பெற்றவையாகக் கணக்கில் இருந்தன. செங்கல்பட்டு வழியாக ஊருக்குப் போய்வரும் யாரும் அந்த வரியைப் படித்தால் ஒரு நிமிடம் நின்றுவிடுவார்கள்.

தணிக்கை சொல்வது ஒன்று, குற்றம் நிரூபணமாவது வேறு. இதைப் பொதுமக்கள் மட்டுமில்லை, பத்திரிகைகளும் குழப்பிக்கொள்வது எனக்கு வருத்தம். 2010-ல் வந்த இரண்டாம் தலைமுறை அலைக்கற்றை அறிக்கையில் உத்தேச இழப்பு ஒரே எண்ணாகச் சொல்லப்படவில்லை. எந்த அளவுகோலை வைத்துக் கணக்கிட்டால் எவ்வளவு என்று 57,666 கோடியிலிருந்து 1,76,645 கோடிவரை பல மதிப்பீடுகள் இருந்தன. தலைப்புச் செய்தி மேலே இருந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டது. 2012 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை ரத்து செய்தது. 2017 டிசம்பரில் சிறப்பு நீதிமன்றம் குற்றம் சாட்டப்பட்ட அனைவரையும் விடுதலை செய்தது. 2024 மார்ச்சில் சி.பி.ஐ.யின் மேல்முறையீட்டை டெல்லி உயர் நீதிமன்றம் விசாரணைக்கு ஏற்றது. உரிமம் கொடுத்த முறை சரியில்லை என்பது ஒரு கேள்வி. இன்னார் பணம் வாங்கிக்கொண்டு செய்தார் என்பது இன்னொரு கேள்வி. முதல் கேள்விக்குக் கோப்புகளை வைத்து நாங்கள் பதில் சொல்லலாம். இரண்டாவதற்குச் சாட்சி வேண்டும், பணம் போன வழி வேண்டும், நீதிமன்றம் வேண்டும்.

அந்த இரண்டாவது வேலையைச் செய்பவர்கள் வேறு. தஞ்சை மாவட்டத்துக்காரரான கே. சந்தானம் தலைமையில் 1962-ல் அமைந்த குழுவின் பரிந்துரைப்படி 1964-ல் மத்திய ஊழல் கண்காணிப்பு ஆணையம் வந்தது. அதே ஆண்டில் தமிழ்நாட்டில் ஊழல் தடுப்பு மற்றும் கண்காணிப்பு இயக்ககம் வந்தது. லஞ்ச ஒழிப்புத் துறை என்று நாம் சொல்வது இதைத்தான். கையும் களவுமாகப் பிடித்தார்கள் என்று செய்தி வருகிறதே, அதற்குப் பெயர் டிராப். புகார் தருபவரிடம் எழுதி வாங்கி வழக்குப் பதிவார்கள். வேறு துறைகளிலிருந்து இரண்டு அரசு ஊழியர்களைச் சாட்சியாக அழைப்பார்கள். நோட்டுகளின் எண்களை மகஜரில் குறித்து, மேலே பினாப்தலீன் பொடி தடவுவார்கள். அது கண்ணுக்குத் தெரியாது. பணத்தை வாங்கியவரின் விரல்களைச் சோடியம் கார்பனேட் கரைசலில் நனைத்தால் கரைசல் இளஞ்சிவப்பாகும். அதைக் குப்பியில் ஊற்றி முத்திரையிட்டுத் தடய அறிவியல் ஆய்வகத்துக்கு அனுப்புவார்கள். நிறம் மாறினால் மட்டும் வழக்கு நிற்காது. அவர் கேட்டார், கேட்டு வாங்கினார் என்பதை நிரூபிக்கவேண்டும். புகார்தாரர் இறந்துபோனாலும் பிறழ்சாட்சி ஆனாலும் மற்ற ஆதாரங்களைக் கொண்டு கேட்டதை நிரூபிக்கலாம் என்று 2022 டிசம்பரில் உச்ச நீதிமன்றத்தின் அரசியல் சாசன அமர்வு சொன்னது பெரிய ஆறுதல்.

2018-ல் ஊழல் தடுப்புச் சட்டம் திருத்தப்பட்டது. லஞ்சம் கொடுப்பதும் அதன்படி குற்றம். கட்டாயத்தால் கொடுத்தவர் ஏழு நாளுக்குள் புகார் செய்தால் தப்பலாம். இது ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? அதே திருத்தத்தில் நுழைந்த 17-ஏ பிரிவு, அதிகாரி எடுத்த முடிவு பற்றி விசாரிக்கவே முன் அனுமதி வேண்டும் என்கிறது. நேர்மையான அதிகாரி பயமில்லாமல் முடிவெடுக்க இது அவசியம் என்பவர்களின் வாதத்தை நான் மதிக்கிறேன். அனுமதி தருபவர் அதே நாற்காலிகளில் உட்கார்ந்திருப்பவர் என்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

சாலைக் கோட்டத்துக்கு வருகிறேன். பாரா மேலே போனது. சில ஆண்டுகள் கழித்து ஒப்பந்ததாரரின் வைப்புத்தொகையிலிருந்து ஒரு பகுதியைப் பிடித்தார்கள். பொறியாளர்களுக்குத் துறை நடவடிக்கைக்கான 17-பி சார்ஜ் மெமோ போனது. சாலைக்கு மறுபடி ஒரு மதிப்பீடு தயாரானது. ரோலர் டிரைவரை மாவட்டத்தின் மறுகோடிக்கு மாற்றினார்கள். அவர் எந்தப் புகாரும் கொடுக்கவில்லை, யாரிடமும் எதுவும் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி பென்சிலால் எழுதியிருந்தார், அவ்வளவுதான். ஆதாரமான ஆவணத்தைக் குறிப்பிடாமல் பாரா எழுத முடியாது. லாக் புக் என்று எழுதினால் அதை எழுதியவர் யார் என்று எல்லோருக்கும் தெரியும். அவரைக் காப்பாற்ற எங்கள் விதிப் புத்தகத்தில் ஒரு வரிகூட இல்லை.

சத்யேந்திர துபேயை இந்த இடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்தவர், தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தில் பொறியாளர். பணியில் நடந்த முறைகேடுகளை விவரித்துப் பிரதமருக்கு எழுதினார்; தன் பெயரை ரகசியமாக வைக்கும்படி கேட்டும் இருந்தார். பெயர் அலுவலகம் அலுவலகமாகப் போனது. 2003 நவம்பர் 27 அதிகாலை கயாவில் சுட்டுக் கொல்லப்பட்டார். முறைகேட்டை வெளிப்படுத்துவோரைக் காக்கும் சட்டம் 2014-ல் நிறைவேறி, குடியரசுத் தலைவரின் ஒப்புதலும் பெற்றது. அதை நடைமுறைக்குக் கொண்டுவரும் அறிவிக்கை மட்டும் வரவில்லை. ஒவ்வொரு ஆண்டும் நவம்பர் கடைசியில் எனக்கு இது நெஞ்சை அறுக்கும். துபே பொறியாளர், கடிதம் எழுதத் தெரிந்தவர். லாக் புக் எழுதும் டிரைவருக்கும் ஸ்டோர் கீப்பருக்கும் யார் இருக்கிறார்கள்?

இந்த வேலையில் பெண்ணாக இருப்பது பற்றியும் சொல்லவேண்டும். தணிக்கைக் குழு மாதக்கணக்கில் ஊர் ஊராகப் போகும். நான் சேர்ந்த காலத்தில் பல கோட்ட அலுவலகங்களில் பெண்களுக்குக் கழிப்பறை கிடையாது. காலையில் காபியைப் பாதி டம்ளரோடு நிறுத்திவிட்டுக் கிளம்பிய நாட்கள் உண்டு. லாட்ஜில் தனியாகத் தங்கும் பெண்ணைக் கவுன்டரில் பார்க்கும் பார்வை தனி. மதியச் சாப்பாட்டைக் கையிலேயே கொண்டு போவேன், தண்ணீரும் என்னுடையது. அதைத் திமிர் என்று பேசிக்கொண்டது காதில் விழுந்திருக்கிறது. விருந்தாளியாக ஒருவேளை சாப்பிட்ட கைக்கு அன்று மாலை அரை மார்ஜின் எழுத எவ்வளவு கூசும் என்று, நல்ல மனிதர்கள் பலரிடம் பார்த்தவள் நான். பெரிய தொகையை யாரும் எங்களிடம் நீட்டுவதில்லை. சாப்பாடு, கார், கோவிலில் சிறப்பு தரிசனம், ஊரின் பேர்பெற்ற பலகாரம் என்றுதான் தொடங்கும்.

இன்னொரு பாராவையும் மறக்க முடியவில்லை. ஒரு மருத்துவமனையில் மருந்துக் கணக்குப் பார்த்தபோது, அட்டைப்பெட்டியில் அச்சிட்டிருந்த தயாரிப்பு மாதத்துக்கு முன்பே அந்தத் தொகுதி எண் கொண்ட மாத்திரை சரக்கில் வரவு வைக்கப்பட்டு, நோயாளிகளுக்கு வழங்கப்பட்டதாகவும் இருந்தது. தயாரிக்காத மருந்தை யார் தின்றிருப்பார்கள்? அந்தப் பாராவை எழுதி முடித்த இரவு தூக்கம் வரவில்லை. மருந்து இல்லை என்று வெளியே எழுதிக் கொடுத்து அனுப்பப்பட்டவர்களின் வரிசையை அன்று காலையில்தான் பார்த்திருந்தேன்.

சேர விரும்பும் பிள்ளைகளுக்கு: எஸ்.எஸ்.சி. நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வு எழுதினால் உதவித் தணிக்கை அலுவலராகவோ ஆடிட்டராகவோ வரலாம். எந்தப் பட்டமும் போதும். குடிமைப் பணித் தேர்வு எழுதி இந்தியத் தணிக்கை மற்றும் கணக்குப் பணிக்கு வருபவர்களுக்குச் சிம்லாவில் பயிற்சி. டி.என்.பி.எஸ்.சி. குரூப் 2 வழியாக உள்ளாட்சி நிதித் தணிக்கையிலும் இந்து சமய அறநிலையத் தணிக்கையிலும் இடங்கள் உண்டு. லஞ்ச ஒழிப்புத் துறைக்குப் பெரும்பாலும் போலீஸிலிருந்து அயல்பணியில் எடுப்பார்கள். கணக்கில் புலியாக இருக்கவேண்டியதில்லை. ஒரு தாளைப் பார்த்ததும், இது உண்மையாக நடந்திருந்தால் வேறு எந்தத் தாளில் தடம் இருக்கும் என்று கேட்கத் தெரியவேண்டும். ஒரு கேள்விக்குப் பதில் வரும்வரை குரலை உயர்த்தாமல் அதே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்கும் உரம் வேண்டும். பலன் தன் பணிக்காலத்திலேயே தெரியவேண்டும் என்று எதிர்பார்ப்பவர் வேறு வேலை பார்ப்பது நல்லது.

வேலையில் சேராதவர்களுக்கும் ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005-ல் வந்தது. அதன் 2(ஜெ) பிரிவைப் படித்துப் பாருங்கள். தாளின் நகலைக் கேட்பது மட்டும் உரிமை இல்லை. நடந்த பணியை நேரில் பார்வையிடலாம், ஆவணங்களைப் பார்த்துக் குறிப்பெடுக்கலாம், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைக் கேட்டு வாங்கலாம். பத்து ரூபாய்க் கட்டணம், முப்பது நாள் கெடு. உங்கள் தெருவில் போட்ட சிமென்ட் சாலைக்கு மதிப்பீட்டையும் எம்-புக் பக்கங்களையும் கேளுங்கள். அவை வந்தபிறகு, கலவை இயந்திரம் எந்தத் தேதிகளில் எங்கே ஓடியது, சிமென்ட் மூட்டைகள் எந்த நாளில் ஸ்டோரிலிருந்து வெளியே போயின, அன்று பணியிடத்துக்குப் போன ஜீப்பின் லாக் புக் எங்கே என்று இரண்டாவது மனுவைப் போடுங்கள். முதல் மனுவுக்குப் பதில் சீக்கிரம் வந்துவிடும். இரண்டாவதற்குத் தாமதமானால் மேல்முறையீடு செய்யுங்கள். முதல் மேல்முறையீடு அதே அலுவலகத்தின் மூத்த அலுவலரிடம், அடுத்தது மாநிலத் தகவல் ஆணையத்திடம். எழுதும்போது ஆவணத்தின் பெயரைத் துல்லியமாக எழுதுங்கள். 'எல்லா விவரங்களும்' என்று கேட்டால் ஒன்றும் வராது.